மென்பொருள் நிறுவலும் நீக்கலும்

மாணவர்களே! ஊரிலுள்ள பாட்டிக்குத் தமிழில் ஒரு மின்னஞ்சல் எழுத விரும்புகிறீர்கள். கணினித் திரையில் தமிழ் எழுத்துகள் தெரிகின்றன; ஆனால், அவற்றைத் தட்டச்சு செய்ய வழியில்லை. அவ்வழியை நாமே அமைத்துக்கொள்ளும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

கட்டளை வரி

கணினியிடம் வேலை வாங்க இரு வழிகள் உள்ளன. படங்களைச் சொடுக்குதல் ஒன்று. சொற்களால் ஆணையிடுதல் மற்றொன்று. ஆணைகளைத் தட்டச்சு செய்யும் இடம் கட்டளை வரி எனப்படும். 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெபியன் என்னும் இயக்க அமைப்பிலும், அதிலிருந்து கிளைத்த உபுண்டுவிலும், நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் மென்பொருள்களை நிறுவ ‘ஆப்ட்’ என்னும் கருவி பயன்படுகிறது.

நிறுவுதல்

மென்பொருளையும் அதைப் பற்றிய விவரங்களையும் சேர்த்துக் கட்டிய கட்டு ‘பொதி’ எனப்படும். பல்லாயிரம் பொதிகள் இணையக் களஞ்சியங்களில் உள்ளன. முதலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ என்று ஆணையிட வேண்டும். இது களஞ்சியத்தின் புதிய பட்டியலைக் கொண்டுவரும். ‘சூடோ’ என்னும் சொல், நிர்வாகியின் அதிகாரத்துடன் ஆணையிடுவதைக் குறிக்கும். ஆதலால் கணினி கடவுச்சொல் கேட்கும்.

அடுத்து, ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என்’ என்று ஆணையிடுக. இது பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் பொதி. பன்மொழியாக்கம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துக்கும் கடையெழுத்துக்கும் இடையே 17 எழுத்துகள் இருப்பதால் இப்பெயர் அமைந்தது. (இக்கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்துக்கூட்டலை ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார்.)

சாம்பார் வைக்கப் பருப்பு மட்டும் போதுமா? புளியும் பொடியும் வேண்டுமல்லவா? அதுபோல் ஒரு பொதி இயங்கப் பிற பொதிகள் தேவைப்படலாம். அவை ‘சார்புகள்’ எனப்படும். தமிழ்99 முதலிய விசைப்பலகை அமைப்புகள் ‘எம்17என்-டிபி’ என்னும் வேறொரு பொதியில் உள்ளன. அது கணினியில் இல்லையெனில், ஆப்ட் அதையும் தானே கொண்டுவரும்.

நீக்குதல்

‘ரிமூவ்’ என்னும் கட்டளை பொதியை நீக்கும். ஆனால், அதன் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். ‘பர்ஜ்’ அக்கோப்புகளையும் சேர்த்து நீக்கும். துணைக்கு வந்து, இப்போது எதற்கும் தேவைப்படாத சார்புகளை ‘ஆட்டோரிமூவ்’ நீக்கும். ஒரு பொதியை நீக்கினால், அதை நம்பியிருக்கும் பிற பொதிகளும் உடன் நீங்கும் என்பதை மறவாதீர்கள்.

படித்தபின் இசைக

2021ஆம் ஆண்டு, கனடா நாட்டு யூடியூப் படைப்பாளர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்னும் லினக்ஸ் வகையில் ‘ஸ்டீம்’ என்னும் விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். பொதி ஒன்றிலிருந்த பிழையால், திரைமுகப்பையே நீக்கினால்தான் அதை நிறுவ இயலும் என்னும் நிலை ஏற்பட்டது. நீங்கவிருந்த பொதிகளின் பட்டியலைக் காட்டி ஆப்ட் எச்சரித்தது. ‘ஆம், நான் சொல்வதைச் செய்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரைத் தட்டச்சு செய்தால் மட்டுமே தொடர்வதாகவும் கூறியது. அவர் அவ்வாறே செய்தார். மறுபடி கணினியை இயக்கியபோது, சொடுக்குவதற்கு ஒரு படமும் இல்லை. வெறும் எழுத்துத்திரையே எஞ்சியது.

பிழை பொதியில் இருந்தது. அது பின்னர்த் திருத்தப்பட்டது. ஆயினும், அப்பட்டியலை நின்று படித்திருந்தால் இழப்பு நேர்ந்திராது. நிறுவ முனையும்போதும் நீக்கம் நிகழலாம் என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம். எனவே, ‘தொடரலாமா?’ என்று கணினி கேட்கும்போது, எவை வருகின்றன, எவை போகின்றன என்று பாருங்கள். ஐயம் இருப்பின் ‘என்’ விசையை அழுத்தி நிறுத்துங்கள், பெரியவரிடம் கேளுங்கள். தெரிந்தபின் இசைவதே அறிவுடைமை.

சொல் அறிவோம்
பொதி – கட்டு, மூட்டை
களஞ்சியம் – சேமித்து வைக்கும் இடம்
இசைதல் – உடன்படுதல்

எழுதுவோம்
1. சார்புகள் என்பன யாவை? உங்கள் வீட்டுச் சமையலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
2. ‘ரிமூவ்’, ‘பர்ஜ்’ – வேறுபடுத்துக.
3. ஆசிரியர் துணையுடன் தமிழ்99 விசைப்பலகையை அமைத்து, ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கு ஐந்து வரிகளில் மின்னஞ்சல் எழுதுக.