விடாப்பிடி கொண்ட ஜீப்

நெடுந்தீவிலே மோட்டார் வாகனம் ஒன்று பழுதுபட்டால் அதனை உடையவர் படும் பாடு சொல்லுந்தரமன்று. குறிகட்டுவானிலிருந்து கடலைக் கடந்து உதிரிப்பாகமும் வரவேண்டும். அதைப் பூட்டத் தெரிந்தவரும் வரவேண்டும். அதற்கிடையில் நோயாளி ஒருவரை மாவிலித்துறைக்குக் கொண்டுசென்று படகேற்ற வேண்டிவந்தால் என் செய்வது? ஆகவே, நான்கு சில்லுகளாலும் இழுக்கும் ஜீப், லாண்ட் றோவர், பிக்கப் முதலியவற்றை வைத்திருப்போர் ஒரு சங்கதியை அறிந்திருத்தல் நன்று. கடற்கரை மணலுக்காக முன்சில்லுகளையும் இணைக்கிறோம். மணல் கழிந்து கற்றரைக்கு வந்தபின், இணைப்பு விடமாட்டேனென்று அடம்பிடிக்கிறது.

இவ்வேளையில் பலர் செய்வது லீவரோடு மல்லுக்கு நிற்பதேயாம். அது தகாது. குற்றம் பெரும்பாலும் லீவரில் இல்லை.

வாகனம் திரும்பும்போது முன்சில்லுகள் அகன்ற வட்டத்திலும் பின்சில்லுகள் ஒடுங்கிய வட்டத்திலும் ஓடுகின்றன. எனவே முன்சில்லுகள் கூடுதலாகச் சுழலவேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே வேகத்திற் பிணைத்துவிட்டோமே! மணலாயின் சில்லு சற்றே வழுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தார் வீதியிலும் முருகைக்கல் தரையிலும் அதற்கு இடமில்லை. முறுக்கு முழுவதும் உள்ளே உள்ள சுழல் தண்டுகளில் ஏறி, இணைப்புப் பற்களை ஒன்றோடொன்று நெரித்துப் பிடிக்கிறது. இருபுறமும் இழுத்துப் பிடித்த கயிற்றின் முடிச்சை யாரால் அவிழ்க்க முடியும்? முதலில் கயிற்றைத் தளர்த்தவேண்டும்.

ஸ்டியரிங்கை நேராக்கிப் பத்துப் பதினைந்து அடி பின்னோக்கி மெல்லச் செலுத்துக. அவ்வாறு செல்லும்போதே லீவரை இலேசாக அழுத்திக்கொண்டிருந்தால், முறுக்குத் தளரும் கணத்தில் அது தானே விடுபடும். விடாவிடின் வீதியோர மணலில் இறக்கிச் சிறிது தூரம் நேரே ஓட்டிப் பார்க்கலாம். அதுவும் பலிக்காவிட்டால், ஏனைய சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்து, முன்சில்லு ஒன்றை ஜக்கினால் உயர்த்துவதுண்டு. அடைபட்ட முறுக்கு விடுபடும்போது அச்சில்லு சடுதியாகச் சுழலக்கூடும். கையை அருகில் வைக்கலாகாது.

முறைதவறி இயக்குவதும் உண்டு. 1948இல் அறிமுகமான லாண்ட் றோவரின் பழைய வகைகள் பலவற்றில், மஞ்சள் குமிழை அழுத்தினால் முன்சில்லுகள் இணையும். அதை மேலே இழுத்து விடுவிக்க முயல்வது வீண் வேலை. வாகனத்தை நிறுத்தி, சிவப்புக் குமிழுள்ள லீவரைப் பின்னே இழுத்து மீண்டும் முன்னே தள்ளினால், மஞ்சள் குமிழ் தானே மேலெழும்.

இந்நோய் அடிக்கடி திரும்பி வருமாயின் ரயர்களை அளந்து பார்க்க. முன்னே புதியதும் பின்னே தேய்ந்ததும் பூட்டி ஓடுவது நம்மவர் சிக்கனம். ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர் ஆரையுள்ள சில்லில் ஒரு சென்ரிமீற்றர் தேய்வு சிறிதெனத் தோன்றும். கணக்கிட்டால், ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்குள் முன்பின் வேறுபாடு 28 மீற்றர் வரை சேர்கிறது! நேர் வீதியிற்கூட முறுக்கு ஏறாதிருக்குமா?

இனி நமது பழைய பகையாளியாகிய உப்பு. லீவரின் கீழுள்ள மூட்டுகளில் துரு பிடித்தால் அவை அசையா. துருவைப் போக்கிக் கிரீஸ் இடவேண்டும். பொத்தானால் இயங்கும் புதிய பிக்கப்களிலோ, இணைப்பை நகர்த்துவது அடியிலுள்ள சிறு மின்மோட்டார். அதன் கம்பி முனைகள் பச்சை பூத்திருந்தால், பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. பற்றரியைக் கழற்றிவிட்டு முனைகளைத் துப்புரவாக்குக. பற்பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் உட்புகுந்துவிட்டது. எண்ணெயை மாற்றுவதோடு, நீர் புகுந்த வழியையும் அடைக்கவேண்டும்.

விடுபட்டதா என்பதில் ஐயமிருந்தால், வெறுந்தரையில் ஸ்டியரிங்கை முற்றாகத் திருப்பி மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். வாகனம் துள்ளித் துள்ளித் திணறினால் இன்னும் விடவில்லை.

கடற்கரைக்குச் சென்று வந்த அன்றே வாகனத்தின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுதல் நன்று. குடிநீருக்கே அலையும் தீவாரிடம் இதைச் சொல்ல நா கூசுகிறது. ஆயினும், துணி துவைத்த நீரை அலசுவதற்குப் பயன்படுத்தி, கடைசி ஒரு வாளி மட்டும் நன்னீராக இருந்தாற் போதும்.