பாட்டிலில் வளரும் பூச்செடி!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் சில அறைகளுக்குள் அப்படியே நுழைந்துவிட முடியாது. தொப்பி, மேலங்கி, கையுறை எல்லாம் போட்டாக வேண்டும். தூசி ஆகவே ஆகாது! இதே கெடுபிடியோடு செடி வளர்க்கும் அறைகளும் இருக்கின்றன, தெரியுமா குட்டீஸ்? அங்கே வளர்வது ஆர்க்கிட்.

முற்றிய ஆர்க்கிட் காய் வெடித்தால் பவுடர் மாதிரி கொட்டும். அத்தனையும் விதைகள்! சில வகைகளில் ஒரே காயில் லட்சக்கணக்கில் இருக்கும். அவரை விதைக்குள் இரண்டு பருப்பு இருக்கிறதே, அது குட்டிச் செடிக்கு அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாடு. ஆர்க்கிட் விதைக்கு அந்தக் கட்டுச்சோறு கிடையாது. காட்டில் ஒருவகைப் பூஞ்சை உணவு கொடுத்தால்தான் முளைக்கும். 1899ல் பிரான்ஸ் நாட்டு நோயல் பெர்னார்ட் இதைக் கண்டுபிடித்தார்.

1922ல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், பூஞ்சையே இல்லாமல் முளைக்க வைக்கும் வழியைச் சொன்னார். சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த அகர் கூழில் விதையைத் தூவினார். அகர் வேறொன்றுமில்லை, நோன்பு நாட்களில் இனிப்பு செய்கிறார்களே, அந்தக் கடல்பாசிதான்! சர்க்கரைக் கூழ் என்றால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். அதனால்தான் அத்தனை சுத்தம்.

ஏன் இவ்வளவு பாடு? தமிழக–கேரள எல்லையில் இருக்கும் அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே வளரும் ஓர் ஆர்க்கிட் உண்டு. பெயர் பாபியோபெடிலம் ட்ரூரியை. 1865ல் இதைக் கண்டெடுத்த கர்னல் ஹீபர் ட்ரூரியின் பெயரையே வைத்தார்கள். மஞ்சள் பூ, செருப்பின் முனை போன்ற குட்டிப் பை. அழகே ஆபத்தாகிவிட்டது! விற்பதற்காகத் தோண்டித் தோண்டி, காட்டில் அநேகமாக இல்லாமலே செய்துவிட்டார்கள். இப்படிப்பட்ட செடிகளைப் பெருக்கக் கண்ணாடிக் குடுவை கைகொடுக்கிறது.

ஆனால் பெரிய கண்டமே குடுவையை விட்டு வெளியே வரும் நாளில்தான். உள்ளே காற்று எப்போதும் ஈரமாகவே இருக்கும். அதனால் இலைமேல் மெழுகுப்பூச்சு சரியாக உருவாகாது. வெயிலில் தண்ணீரைச் சேமிக்க இலைத்துளைகளை மூட வேண்டும் அல்லவா? அந்தப் பழக்கமும் இருக்காது. வெளிக்காற்று பட்டதும் வாடிவிடும்.

எனவே மெதுவாகப் பழக்குகிறார்கள். முதலில் வேரில் ஒட்டிய கூழை நல்ல தண்ணீரில் அலசி எடுப்பார்கள். வேர் சட்டென்று முறியும், பொறுமை வேண்டும். கூழ் கொஞ்சம் மிஞ்சினாலும் பூசணம் வந்துவிடும். பிறகு பூசணக்கொல்லி மருந்தில் நனைத்து, நாலைந்து செடிகளைச் சேர்த்து ஒரே தொட்டியில் நடுவார்கள். தோட்டத்து மண் கூடாது! மரத்தில் தொற்றி வளரும் வகைகளுக்குத் தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, செங்கல் சில்லு போதும். வேருக்குக் காற்று வேண்டும்.

மேலே பாலிதீன் மூடி. சில நாள் கழித்து அதில் சின்ன ஓட்டை, பிறகு பெரிய ஓட்டை, சில வாரங்களில் மூடியே இல்லை. வல்லம் வடகால் மாதிரி வெயில் கொளுத்தும் சமவெளியில் நிழல்வலையும் அடிக்கடி தண்ணீர்த் தெளிப்பும் கட்டாயம். ஆசையாக உரத்தை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், பிஞ்சு வேர் கருகிவிடும்! முதல் பூவுக்கு இன்னும் சில வருடங்கள் ஆகும்.

திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே வாண்டா ஸ்பாத்துலேட்டா என்ற மஞ்சள் ஆர்க்கிட்டைக் குடுவையில் பெருக்கி, தொட்டியில் தேற்றி, மறுபடியும் காட்டிலேயே கொண்டுபோய் வளரவிட்டார்கள். 2003ல் இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியானது. காட்டில் பாலிதீன் மூடி கிடையாது, தண்ணீர் தெளிக்க ஆளும் கிடையாது. மழைதான்!