வலமா, இடமா?

‘இடதுசாரி’, ‘வலதுசாரி’ என்னும் சொற்களை நாம் அடிக்கடி கேட்கிறோம். 1789இல் பிரெஞ்சு தேசிய மன்றத்தில், மன்னனுக்குத் தடையதிகாரம் வேண்டுமென்றோர் தலைவரின் வலப்புறமும், எதிர்த்தோர் இடப்புறமும் அமர்ந்தனர். இருக்கையின் திசை கொள்கையின் பெயராயிற்று!

நம் நாட்டிலோ குழப்பம் மிகுந்தது. 1964இல் கம்யூனிஸ்டுக் கட்சி பிளவுண்டபோது, மக்கள் ஒன்றை ‘இடது’ என்றும் மற்றதை ‘வலது’ என்றும் அழைத்தனர். வலது கம்யூனிஸ்டு வலதுசாரியல்லர் என்பதைப் பாமரர்க்கு யார் விளக்குவது? 1967 தேர்தலிலோ இடது கம்யூனிஸ்டுகளும் இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் தி.மு.க. அணியில் ஒருங்கே நின்றனர்.

ஆரணிப் பட்டு நெசவாளரின் தறியருகே நின்று நோக்குவோம். கைத்தறிக்கெனச் சில ரகங்களை ஒதுக்க வழிசெய்யும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் இடமா, வலமா? உழைப்பாளியைக் காப்பதால் இடம் என்பார் ஒருவர்; பழந்தொழிலை இயந்திரத்தினின்று காப்பதால் வலம் என்பார் மற்றொருவர். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே உரியனவாக வேண்டுமென 1950களின் தொடக்கத்திலேயே வற்புறுத்தியவர், அன்று முதலமைச்சராயிருந்த இராஜாஜி. 1959இல் சுதந்திராக் கட்சியை நிறுவி, வலதுசாரி எனப்பட்டவரும் அவரே!

வாக்குக் கேட்டு வருவோரிடம் நெசவாளர் திசையைக் கேட்பானேன்? விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என விற்பதைத் தடுப்பீர்களா, பட்டுநூல் விலை ஏறும்போது எங்கள் கூலி என்னாகும் என்று கேட்கட்டும்.