கடலோரச் சத்தங்கள் – 9: பென்டிரைவில் ஒரு அம்மன்

மாமல்லபுரம் நாட்டிய விழாவைப் பற்றிப் போன வாரம் எழுதியதற்கு மறைமலைநகரிலிருந்து ஒரு வாசகர் கோபித்துக்கொண்டிருக்கிறார். “பரதம், கதகளி எல்லாம் சொன்னீர்கள், சந்தோஷம். நடுவில் சினிமாப் பாட்டை எதற்கு இழுத்தீர்கள்? அதெல்லாம் சீசன் சரக்கு. கலை என்றால் நிற்க வேண்டும் சார்.”

நிற்பதுதான் கணக்கு என்றால், ஆடி முடிவதற்குள் கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கரையோரமாக அவர் ஒருமுறை போய்வரலாம். குப்பத்துக்குக் குப்பம் வேப்பிலைத் தோரணம், சீரியல் லைட், அண்டா நிறையக் கேழ்வரகுக் கூழ், தென்னையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். அதில் எல்.ஆர்.ஈஸ்வரி. ஒரு ஸ்பீக்கரின் சத்தம் தேயும் இடத்தில் அடுத்த குப்பத்து ஸ்பீக்கர் பிடித்துக்கொள்ளும். அதிலும் அவர்தான்.

அந்தக் குரலின் ஜாதகம் விசித்திரமானது. கத்தோலிக்கக் குடும்பம், பெற்றோர் வைத்த பெயரில் லூர்து மேரி உண்டு. அம்மா கோரஸ் பாடகி, மகளும் கோரஸில் நின்றுதான் பாட்டுக்கு வந்தார். 1961-ல் ‘பாசமலர்’ வந்தது. கல்யாணப் பெண்ணைத் தோழிகள் சீண்டி அழைக்கும் ‘வாராய் என் தோழி’ அதில்தான். எழுதியவர் கண்ணதாசன், இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. ரோட்டு மண்டபங்களில் பெண்ணை மேடைக்குக் கூட்டிவரும்போது இன்றைக்கும் அதைப் போடுகிறார்கள். படத்தைப் பார்த்தே இராத பெண்கள் அந்தப் பாட்டுக்கு வெட்கப்படுகிறார்கள். அறுபது வருஷம் தாண்டிவிட்டது.

அப்புறம் கிளப் டான்ஸ் பாட்டுகள். 1966-ல் ‘வல்லவன் ஒருவன்’ படத்தின் ‘பளிங்கினால் ஒரு மாளிகை’, 1969-ல் ‘சிவந்த மண்’ படத்தின் ‘பட்டத்து ராணி’. கௌரவமான வீடுகளில் ரேடியோ சத்தத்தைக் குறைக்க வைத்தவை. அதே தொண்டைதான் ‘கற்பூர நாயகியே’ என்று அம்மனையும் கூப்பிட்டது.

இதில் எனக்கு ஆச்சரியம் பக்தியைவிட மூச்சில்தான். ‘பட்டத்து ராணி’யை நிதானமாகக் கேளுங்கள். பாட்டின் நடுவே சாட்டை விழுகிற இடத்தில் குரல் ஒரு கணம் அறுபடும். அறுந்த இடத்திலிருந்தே அடுத்த சொல் சீறிக்கொண்டு கிளம்பும். சுருதி மட்டும் இம்மி நகராது. அம்மன் பாட்டிலும் அதே வெட்டு இருக்கிறது. சாட்டைக்குப் பதில் அங்கே பம்பையும் உடுக்கையும் வந்து உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். கிளப் பாட்டுக்குப் பழகிய வித்தை சாமியை வரவழைக்கப் பயன்பட்டது. ஆலாபனைக்கு இலக்கணம் இருப்பதுபோல் இதற்கும் ஒன்று இருக்கிறது. உட்கார்ந்து எழுதத்தான் ஆள் இல்லை. தேவனேரிப் பக்கம் ஒரு மைக் செட்காரர் சுருக்கமாகச் சொன்னார்: “இந்தம்மா குரல் போட்டாத்தான் சார் சாமி எறங்கும். வேற எதைப் போட்டாலும் சனம் டீ குடிக்கப் போயிடுது.”

2020-ல், எண்பது வயதில், ‘மூக்குத்தி அம்மன்’ படத்துக்கு ஈஸ்வரி ஓர் ஆடிப் பாட்டுப் பாடினார். குப்பத்துக்குக் கொடுத்ததைச் சினிமா திரும்பக் கேட்டு வாங்கிப்போனது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் வாசகரின் கட்சியில் ஒரு மத்திய அமைச்சரே இருந்தார். 1952-ல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு வந்த பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. அகில இந்திய வானொலியில் அதன் இடத்தைச் சுருக்கினார். சாஸ்திரிய சங்கீதத்தைக் கேட்டுக் கேட்டு ஜனங்கள் திருந்துவார்கள் என்பது திட்டம். ஜனங்கள் திருந்தாமல் ரேடியோ முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். கடைசியில் 1957 அக்டோபரில் அரசாங்கமே விவித பாரதியைத் தொடங்க வேண்டிவந்தது.

ஆனால் ஒரு நஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்பீக்கர் வருவதற்கு முன்னால் அம்மனை அழைத்தது பம்பைக்காரரின் வர்ணிப்பு. அதில் அந்த ஊரின் ஏரி வரும், எல்லை வரும், கும்பம் தூக்குகிற குடும்பத்தின் பெயர் வரும். ரெக்கார்டில் கங்கையம்மனுக்கும் எல்லையம்மனுக்கும் ஒரே பாட்டுத்தான். இளவட்டப் பம்பைக்காரர்கள் இப்போது வர்ணிப்பையே ரெக்கார்டு மெட்டில் பாடுகிறார்கள். ஈஸ்வரியின் வெற்றியில் எனக்கு உறுத்துகிற இடம் இது. நல்ல பாட்டு என்பதால்தான் இத்தனை இடத்தை அடைத்துக்கொண்டது. சுமாரான பாட்டாக இருந்தால் வர்ணிப்பு பிழைத்திருக்கும்.

இன்னொரு உறுத்தலும் உண்டு. அம்மன் பாட்டுகளை எழுதியது யார், மெட்டுப் போட்டது யார் என்று அந்த மைக் செட்காரரிடம் கேட்டேன். இசைத்தட்டு இருந்த காலத்தில் நடு வட்டத்திலும் உறையிலும் பெயர்கள் இருந்தன. கேசட்டில் எழுத்துப் பொடியாயிற்று. அவருடைய பென்டிரைவில் ‘ஈஸ்வரி 14’, ‘ஈஸ்வரி 15’ என்று ஓடுகிறது. பாட்டு மிஞ்சிவிட்டது; எழுதியவரும் மெட்டமைத்தவரும் வழியில் உதிர்ந்துவிட்டார்கள்.

நேற்றைய பாட்டுக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூலை 28 அன்று செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தது. ஆட்டங்கள் இங்கே மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில். தொடக்க விழா மேடையில் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டைப் பாடகிகள் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். பாட்டை எழுதி, தீயோடு சேர்ந்து பாடியிருந்த அறிவு மேடையில் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து பிறந்த பாட்டு என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். விழா முடிந்த சில நாளில் தன் பங்கைப் பட்டியலிட்டுப் பகிரங்கமாக எழுதினார். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தன் தரப்பை விளக்கி அறிக்கை விட்டார். யார் பங்கு எவ்வளவு என்பதை நான் தீர்க்கப் போவதில்லை. சண்டை பாட்டு வெளியாகி ஒன்றரை வருஷத்துக்குள் வந்ததே, அது நல்லது. ஐம்பது வருஷம் கழித்து வந்தால் சாட்சி சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

அதே பூஞ்சேரியில் நொண்டி வீரப்பன் தோட்டம் என்ற இடத்துப் பாறைகளில் பழைய எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன் என்று இன்னும் சிலர். பல்லவர் காலத்தில் இங்கே உளி பிடித்தவர்கள் இவர்கள் என்பது அறிஞர்கள் கருத்து. ரதங்களுக்கும் அர்ச்சுனன் தபசுக்கும் வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அந்தப் பக்கம் போவதில்லை. ஆனாலும் அந்த ஆட்கள் உஷாரானவர்கள். ராஜாவின் பட்டப்பெயர்கள் தம் வேலைக்கு மேல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, ஒதுக்குப்புறமாகத் தங்கள் பெயரையும் போட்டுவைத்துவிட்டார்கள்.

மைக் செட்காரரிடம் ‘என்ஜாய் எஞ்சாமி’யும் இருக்கிறது. கூழ் ஊற்றி முடிந்து பையன்கள் ஆடுகிற நேரத்துக்கு வைத்திருக்கிறார். ஃபைலின் பெயர் ‘தீ சாங்’. பக்கத்தில் அறிவு என்றும் சேர்த்துவிடுங்கள் அண்ணே என்றேன். செய்யலாமாம், லேப்டாப் மச்சான் வீட்டில் இருக்கிறதாம்.

(தொடரும்)