ஏலம் கேட்டல்



ஜுமுஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு பலாப்பழமோ சில முட்டைகளோ ஏலத்துக்கு வருவதை நம் ஊர்களில் பலரும் கண்டிருப்பீர்கள். அங்கே விலை சொல்பவரை ‘ஏலம் கேட்கிறார்’ என்கிறோம். பணம் கொடுக்க முன்வருபவரைக் கேட்பவர் என்பது ஏன்? ‘இவ்விலைக்கு எனக்குத் தருவீர்களா?’ என்னும் வினா அவர் சொல்லும் தொகைக்குள் அடங்கியிருக்கிறது. அரச திணைக்களங்கள் ‘கேள்வி கோரல்’ என்று பத்திரிகைகளில் அறிவித்ததும் இப்பொருளிலேயே. ஏலம் என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. சிங்களத்தார் வழங்கும் ‘வெந்தேசிய’ ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. ‘கேட்டல்’ மட்டும் நம் சொந்தச் சொல்.

ஆகவே ஏலம் கேட்பவருக்கு அப்பொருள் வேண்டும் என்பது அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது. மார்க்கச் சட்டமும் இவ்விடத்தில்தான் கண் வைக்கிறது.

ஏலம் ஆகுமானதே. யாசகம் கேட்டு வந்த அன்சாரித் தோழர் ஒருவரின் வீட்டிலிருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்கள் தம் கையில் ஏந்தி விலை கூறியதை அபூதாவூத், திர்மிதி ஆகியோர் பதிவு செய்துள்ளனர். ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார். கூட்டித் தருபவர் உண்டா என நபியவர்கள் மீண்டும் வினவ, இன்னொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்து வாங்கினார். அப்பணத்தில் ஒரு பாதி வீட்டாரின் உணவுக்கும், மறுபாதி விறகு வெட்டும் கோடரிக்கும் ஆயிற்று.

ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் விலைக்கு மேல் மற்றவர் பேசுவது தடுக்கப்பட்டதல்லவா என்று சிலர் ஐயுறுவர். இருவரும் உடன்பட்டு விலை படிந்த பின் இடையில் புகுவதே அத்தடை. ஏலத்திலோ விற்பவர் இன்னும் எவருக்கும் இணங்கவில்லை. கேட்டது ஈஜாப், அவர் ஏற்பதே கபூல்.

தடுக்கப்பட்ட கேட்டல் வேறு. அதற்கு ‘நஜ்ஷ்’ என்று பெயர். மறைந்திருக்கும் வேட்டைப் பிராணியைக் கலைத்து வெளியே ஓட்டுவது அச்சொல்லின் மூலப்பொருள். வாங்கும் எண்ணமின்றி, பிறரை உசுப்பிவிட விலையை ஏற்றுவதே நஜ்ஷ். நண்பனின் பழைய கைத்தொலைபேசி நல்ல விலைக்குப் போகவேண்டுமென்று இணையத்தில் வேறொரு பெயரில் கேட்கும் இளைஞரும் இதில் அடங்குவார். இது பாவம் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடில்லை. வியாபாரம் செல்லும் என்பதே பெரும்பாலோர் முடிவு. எனினும் விலையில் பெரிதும் ஏமாந்தவர் அதை முறிக்கலாம் என ஹன்பலி மத்ஹபினர் கூறுவர். நம் நாட்டின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், முன்னறிவிப்பின்றி விற்பவரே தம் பொருளைக் கேட்பதையும், அவருக்காக வேறொருவர் கேட்பதையும் அனுமதிப்பதில்லை.

பெற்றோர்களே, பள்ளி முற்றத்தில் உங்கள் மகன் விளையாட்டாகவோ, ‘பள்ளிக்குத்தானே’ என்ற நல்லெண்ணத்திலோ விலையை ஏற்றிவிட்டு, மற்றவர் தலையில் அது விழுந்ததும் சிரித்திருக்கலாம். சுற்றியிருந்தோரும் சிரித்திருப்பர். அந்த முட்டைக்கு அதிகம் கொடுத்தவர் ஒரு நாட்கூலியாளராகவும் இருக்கலாம். பள்ளிக்கு உதவ விரும்பும் மகன் அந்தத் தொகையை நேரே உண்டியலில் போடட்டும். குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டுமென நிருவாகத்தினர் கருதினால், ஏலம் தொடங்குமுன் அதைச் சொல்லிவிடலாம்.