நாற்காலி கொடுத்தால் போதுமா?



சில வருஷங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோன ஒரு அம்மாவுக்காக அலைந்து திரிந்து ஒரு சக்கர நாற்காலி எடுத்துக் கொடுத்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்குச் சந்தோஷம். மூன்று மாதம் கழித்து அந்த லயத்துக்குப் போனேன். நாற்காலி இஸ்தோப்பில் கிடந்தது, அதன்மேல் விறகுக் கட்டு. அம்மா உள் காம்பராவில் படுத்திருந்தார். "வாசல்ல இறங்கினா பதினோரு படி ஐயா. கக்கூஸ் பின்னால மேட்டுல இருக்கு. இந்த வண்டிய வச்சிக்கிட்டு நாங்க எங்க போறது?" என்று மகள் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கொடுப்பதற்கு முன் அந்த வீட்டை ஒரு தரமாவது நான் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

அப்படிப் பார்ப்பதில் தொடங்குவதுதான் தொழில்வழிச் சிகிச்சை. தொழில் என்றதும் கொழுந்து பறிப்பது, கவ்வாத்து வெட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். முகம் கழுவுவது, உடுத்துவது, சாப்பிடுவது, கக்கூஸுக்குப் போவது, பிள்ளை விளையாடுவது எல்லாமே இங்கே தொழில்தான். இயன்மருத்துவர் கைகாலுக்குப் பலம் வரப் பயிற்சி கொடுப்பார். தொழில்வழிச் சிகிச்சையாளர், இருக்கிற பலத்தை வைத்து அன்றாட வேலையை எப்படிச் செய்யலாம் என்று பார்ப்பார். முடியாத இடத்தில் செய்யும் முறையை மாற்றுவார், அல்லது வீட்டைக் கொஞ்சம் மாற்றச் சொல்வார்.

ஆரம்ப சுகாதார சேவை என்றால் தடுப்பூசியும் மருந்தும் மட்டுமல்ல, புனர்வாழ்வும் அதில் சேர்ந்தது என்று 1978இல் அல்மா ஆட்டா மாநாட்டில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆனால் இந்தச் சிகிச்சையாளர்கள் பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கிறார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கிடைக்கும், இது கிடைக்காது. ஆகவே நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டுவதற்கு முன்பே டாக்டரிடம், "தொழில்வழிச் சிகிச்சைக்கு அனுப்பி வைக்க முடியுமா?" என்று கேளுங்கள். வாசலில் எத்தனை படி, கக்கூஸ் எவ்வளவு தூரம், தண்ணீர் பீலி எங்கே, பகலில் வீட்டில் யார் இருப்பது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு லயம் எப்படித் தெரியும்?

வீட்டில் செய்யக்கூடியவை சில:

பாரிசவாதம் வந்தவரை விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள்மூட்டு விலகிப் போகலாம். சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுங்கள்.

விரல் மடங்காதவருக்குக் கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கிக் கொடுங்கள்.

குந்த முடியாதவருக்குப் பழைய கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டி, கீழே வாளி வைக்கலாம். கதிரை ஆடாமல் இருக்க வேண்டும்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குப் படுக்க வைத்துச் சோறு ஊட்டவே கூடாது. சாப்பாடு நெஞ்சுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் வரும். தலையும் முதுகும் நிமிர, உட்கார வைத்து ஊட்டுங்கள்.

இன்னொன்று. "பாவம், அவங்க இருக்கட்டும், நாங்க செய்றோம்" என்கிறோம். பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்தால், செய்யக்கூடியதும் அவருக்கு மறந்துபோகும். நேரம் போனாலும் பரவாயில்லை, முடிந்ததை அவரே செய்யட்டும்.

அந்த அம்மாவின் வீட்டில் பிறகு சுவரோரம் ஒரு மரக் கைபிடி அடித்தோம். ஓட்டை வெட்டிய கதிரையும் வைத்தோம். இப்போது மகள் மலைக்குப் போன பிறகு, அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து இடது கையால் கீரை ஆய்கிறார். விறகு அடுப்படிக்குப் போய்விட்டது. நாற்காலி அவருக்குக் கிடைத்துவிட்டது.

உங்கள் லயத்தில் இப்படி உள்ளே படுத்திருப்பவர் யாராவது இருந்தால் டிஸ்பென்சரியிலோ என்னிடமோ சொல்லுங்கள். பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் பதிந்து வையுங்கள். இந்த முறை நாற்காலியோடு வரமாட்டேன். முதலில் வீட்டைப் பார்க்க வருகிறேன்.