உரைத்திருத்தியும் அயற்செயலியும்

உரைத்திருத்தி என்பது எழுத்துக்களை இடுதற்கும் மாற்றுதற்கும் அமைந்த கணினிச் செயலியாம். பழம் பதிப்புக்களை ஒப்புநோக்கிப் பாடபேதங் குறிப்போர்க்கு அது பெரிதும் உகந்தது. ஆயினும், குறிப்புக்கள் எழுத்துக் கோப்பாயிருக்க, பதிப்பின் பக்கங்களோ படங்களாகவும் பி.டி.எஃப். கோப்புக்களாகவும் இருக்கின்றன. அவற்றை எளிய திருத்தியொன்றில் திறப்பின், பொருள் விளங்காக் குறிகளின் குவியலே தோன்றும். அந்நிலையில் எதையேனும் மாற்றிச் சேமித்துவிடின் கோப்பே பழுதாதல் கூடும். ஆதலின் தனக்குரிய தல்லாததைத் தக்க செயலியிடம் ஒப்புவித்தலே திருத்திக்கு முறை. அஃது எவ்வாறு நிகழ்கின்ற தென்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இன்ன கோப்பு இன்ன வகையினது என்று துணிதல் முதற்படி. தமிழில் வினைமுற்றின் விகுதி பாலை உணர்த்துதல்போலக் கோப்புப் பெயரின் விகுதி அதன் வகையை உணர்த்தும். வகைகளைப் பெயரிட்டழைக்கும் ‘மைம்’ என்னும் முறை மின்னஞ்சலின் பொருட்டு 1992-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றது. இவ்வகைக்கு இச்செயலி என்னும் அட்டவணையை இயங்குதளமே வைத்திருக்கின்றது. ஆகவே திருத்தி எல்லாச் செயலிகளையும் அறிந்திருக்க வேண்டுவதில்லை. லினக்ஸில் ‘எக்ஸ்.டி.ஜி.-ஓப்பன்’, மாக்கில் ‘ஓப்பன்’, விண்டோஸில் ‘ஸ்டார்ட்’ என்னும் கட்டளையிடம் கோப்பின் பெயரைக் கொடுத்தாற் போதும்.

உதாரணமாக, 1985-இல் வெளிவந்த குனூ ஈமாக்ஸ் என்னும் திருத்தியை எடுத்துக்கொள்வோம். அதன் கோப்பகப் பட்டியலில் ஒரு கோப்பின்மேல் நின்று ! என்னும் குறியை அழுத்திச் செயலியின் பெயரை எழுதினால் அச்செயலி திறக்கும். ஆனால் அதனை மூடுமளவும் திருத்தி காத்து நிற்கும். & என்னும் குறியை அழுத்தினாலோ இரண்டும் ஒருங்கே இயங்கும். ஒப்புநோக்குவார்க்கு வேண்டுவது பின்னதே. ஈமாக்ஸின் ‘ஆர்க்’ என்னும் பகுதியில், எவ்விகுதிக்கு எச்செயலி என்பதை நாமே வரையறுக்கலாம். ‘எவின்ஸ்’ போன்ற செயலிக்குப் பக்க எண்ணையுஞ் சேர்த்தனுப்பலாம்.

நிற்க. விகுதி பொய்த்தலும் உண்டு. விண்டோஸ், தான் அறிந்த விகுதிகளை இயல்பாகவே மறைத்துக் காட்டுமாதலின், ‘நூல்.பி.டி.எஃப்.இ.எக்ஸ்.இ’ என்னுங் கோப்பு ‘நூல்.பி.டி.எஃப்’ என்றே கண்ணுக்குத் தோன்றும். அதனைத் திறப்பின் வருவது நூலன்று. நம் கணினியில் நம் அதிகாரத்தோடு இயங்கும் அயலார் நிரல். ஆதலின் விகுதிகள் முழுதுந் தெரியுமாறு அமைத்துக்கொள்க; அறியாதார் விடுத்த கோப்பினைத் திறவாதொழிக.

இவ்வாறு எச்சரிக்கையுடன் கையாளின் இதனாற் பெறும் பயன் பெரிது. ஐயத்துக்கிடமான ஒரு பாடத்தின் அருகே மூலப்பக்கத்திற்குரிய இணைப்பை எழுதிவைப்போமாயின், கோப்புக்களையும் உடன்பெற்றுப் பின்னர்ப் பயில்வோர், நம் சொல்லை நம்பியே அமையாது, மூலத்தைத் தம் கண்ணாற் கண்டு நம் துணிபைச் சோதிப்பர். பிழையிருப்பின் திருத்துவர். பதிப்புப் பணிக்கு இதனினும் வேண்டுவது யாது?